பை போகும் முன்னே

"போன்ல மேப்பு இல்லாம இந்தா இருக்கிற பூச்சோங்குக்கே உனக்குப் போகத் தெரியாது. நீ ப்ளேனுக்கு வழி சொல்லப் போறியா?"

மாமா இதைச் சொன்னபோது வாயில் சோறு இருந்தது. விமான நிறுவனம் ஒன்றில் பயிற்சிக்கு என்னை எடுத்துக்கொண்ட செய்தியை ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது சொல்லலாம் என்று காலையிலிருந்தே அடக்கி வைத்திருந்தேன். ஒவ்வொரு விமானமும் புறப்படுமுன் அது எந்த வழியாகப் போகவேண்டும், எவ்வளவு எரிபொருள் வேண்டும், எத்தனை மணி நேரம் பறக்கும் என்றெல்லாம் தரையிலிருந்து ஒருவர் கணக்கிட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். அந்த வேலைக்குத்தான் பயிற்சி.

"அந்த வேலைக்குப் பேரு என்ன?" என்று அம்மா கேட்டார்.

"டிஸ்பேட்ச்சர்."

அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. மாமா கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுபவர். அவருடைய யார்டிலும் ஒரு டிஸ்பேட்ச்சர் உண்டு. அவரைத் திட்டாமல் மாமாவுக்குச் சாப்பாடு இறங்காது.

"அந்த ஆளு மாதிரியா? ஏர்கோன் ரூம்ல உட்கார்ந்துகிட்டு, 'அண்ணே, ஈப்போ போய்ட்டு மத்தியானத்துக்குள்ள வந்துடுவீங்களா'ன்னு கேப்பான். போகவே நாலு மணி நேரம் ஆகும். ஒரு நாளாவது லோரில ஏறியிருப்பானா? நீயும் அப்படித்தான். ப்ளேன் உள்ள எப்படி இருக்கும்னே தெரியாது."

அது உண்மை. எனக்கு இருபத்து நான்கு வயது. விமானத்தில் ஏறியதே இல்லை. எங்கள் வீட்டில் யாரும் ஏறியதில்லை. அம்மாவும் மாமாவும் தோட்டத்தில் பிறந்து, ஆரம்பப் பள்ளியைக்கூட முடிக்காமல் வேலைக்குப் போனவர்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா இறந்துவிட, மாமா எங்களைப் பண்டமாரானில் தன் வீட்டுக்கே அழைத்துவந்து விட்டார். அம்மா கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பூக்கடை போட்டார். அந்த வீட்டில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிய முதல் ஆள் நான். டிப்ளோமா வாங்கிய முதல் ஆளும் நான்தான். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

அதனால் மாமாவுக்கு நிமிர்ந்தே பதில் சொன்னேன். "தெரியாததுனாலதான் மாமா படிக்கிறேன்."

"படி படி. பாஸ் பண்ணலன்னா?"

பாஸ் பண்ணாவிட்டால் பயிற்சி அத்தோடு முடியும். துறைமுகத்துக் கிடங்கு அலுவலகத்தில் நான் விட்டுவிட்டு வந்த கிளார்க் நாற்காலிக்குத்தான் திரும்ப வேண்டும். இதை மாமாவுக்கு நான் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

உண்மையில் இந்த வேலைமீது எனக்கு ஆசை வந்ததற்கு மாமாவும் ஒரு காரணம். நான் பதினாறு வயதில் நான்காம் படிவத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டு ஆன்டியின் மகள் தாதியாக லண்டனுக்குப் போனாள். போக வர டிக்கெட். அதை ஆன்டி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். படித்துச் சொல்ல நான் இருந்தேன்.

இரவு பதினொரு மணிக்கு இங்கே கிளம்பி, காலை ஆறு மணிக்கு அங்கே இறங்குகிறது. அம்மா விரல் விட்டு எண்ணினார். "ஏழு மணி நேரம். அவ்வளவுதானா லண்டன்?"

திரும்பி வருவது, காலை பத்து மணிக்கு அங்கே கிளம்பி, மறுநாள் காலை ஆறு மணிக்கு இங்கே. மறுபடி விரல்கள். இந்த முறை இரண்டு கை போதவில்லை. "இருபது மணி நேரமா? போக ஏழு, வர இருபதா?"

நால்வரும் டிக்கெட்டைப் பார்த்தோம். பிறகு மாமா சாவகாசமாகச் சொன்னார், "போகும்போது காலியா போகுது. அங்கேருந்து சாமான் ஏத்திகிட்டு வருதுல்ல. லோடு இருந்தா மெதுவாத்தான் வரும்."

"மேடாவும் இருக்கும்" என்றார் அம்மா.

ஆன்டி தலையாட்டினார். யாரும் சிரிக்கவில்லை. லோரி ஓடும் வீட்டில் அது முழுமையான விளக்கம். எனக்கும் அப்போது அது சரியென்றே பட்டது. ஆனால் படுத்த பிறகு ஒரு கேள்வி வந்தது. ஆகாயத்தில் மேடு எங்கே இருக்கிறது?

மறுநாள் பள்ளி நூலகத்தில், சுவரில் மாட்டியிருந்த உலகப்படத்தின் முன்னால் அடிக்கோலோடு நின்றேன். கோலாலம்பூருக்கும் லண்டனுக்கும் கோல் வைத்தால் அது சென்னை மேலேயும் மும்பாய் மேலேயும் போனது. பக்கத்து மேசையில் ஓர் உலக உருண்டை இருந்தது. உருண்டையில் அடிக்கோல் நிற்காது. என் பள்ளிப் பையின் அடியில் எப்போதும் அம்மாவின் பூ கட்டும் நூல் கொஞ்சம் கிடக்கும். அதை எடுத்து ஒரு நுனியைக் கோலாலம்பூர்மீது கட்டைவிரலால் அழுத்தி, மறுநுனியை லண்டனுக்கு இழுத்துப் பிடித்தேன். நூல் தொய்வாக இருந்தபோது மும்பாய்ப் பக்கம் கிடந்தது. இறுக்க இறுக்க அது தானாக வடக்கே வழுக்கிக்கொண்டு போனது. மும்பாயை விட்டு, டெல்லிப் பக்கம் ஏறி, காஸ்பியன் கடலின் வடக்கு ஓரத்தைத் தொட்டுக்கொண்டு லண்டனில் இறங்கியது.

நான் மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் நூல் அங்கேதான் போய் நின்றது. நேர்க்கோடு என்று நான் நினைத்தது சுற்றுவழி. வளைந்து போவதாகத் தெரிந்ததுதான் குறுக்குவழி. யாரையாவது பிடித்துச் சொல்லவேண்டும் போல இருந்தது. நூலகத்தில் இருந்தது ஓர் ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்த மாணவர் தலைவன் மட்டும்தான். எழுப்பிச் சொன்னேன். "ஓகே லா" என்று மறுபடி படுத்துக்கொண்டான்.

அதே வாரம் மணிக்கணக்கும் புரிந்தது. லண்டன் கடிகாரம் அப்போது நமக்கு ஏழு மணி நேரம் பின்னால். போகும்போது அம்மாவின் ஏழோடு ஏழைக் கூட்டவேண்டும், வரும்போது இருபதில் ஏழைக் கழிக்கவேண்டும். போக பதினான்கு, வர பதின்மூன்று. ஆக, மாமா சொன்ன 'லோடு' வழியில்தான் விமானம் வேகமாக வருகிறது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று போகும்போது எதிர்க்கிறது, வரும்போது தள்ளிவிடுகிறது. அம்மா சொன்ன மேடு இருக்கத்தான் செய்தது. அது போகிற வழியில் இருந்தது, காற்றாக.

மாமாவிடம் சொன்னேன். "காத்தா? என் லோரிக்கும்தான் காத்தடிக்குது" என்றார்.

"உங்க லோரி பத்தாயிரம் மீட்டர் உயரத்துல போகலியே மாமா."

"ரோடு போட்டா போவேன்."

பயிற்சிக் காலத்தில் நான் கற்றவற்றையெல்லாம் இங்கே சொன்னால் நீளும். கோலாலம்பூரிலிருந்து லண்டன் நூல்வழியில் ஏறக்குறைய பத்தாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். ஆனால் எந்த விமானமும் அந்த நூலின்மேல் அப்படியே போவதில்லை. சண்டை நடக்கும் நாடுகளின் வானம் மூடியிருக்கும், அவற்றைச் சுற்றவேண்டும். காற்று நன்றாக இருக்கும் பக்கம் போனால் தூரம் கூடினாலும் நேரம் குறையும். திரையில் கோடு நெளிந்து நெளிந்து போகும். ஒருநாள் அதை என் போனில் மாமாவுக்குக் காட்டினேன். "வானத்துலயும் ஜாலான் தூத்தூப் போர்டு வச்சிருக்கானுங்களா?" என்றார். சாலை மூடல் பலகைமீது அவருக்குத் தீராத கோபம். அன்றைக்கு முதன்முறையாகப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

கடைசியில் வாய்மொழித் தேர்வு வந்தது. எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். இதில் மூன்று பேர் எதிரே உட்கார்ந்து கேட்பார்கள். இதைத் தாண்டினால் உரிமம். திங்கட்கிழமை காலை, கோலாலம்பூரில்.

அம்மா நாள்காட்டியைப் பார்த்தார். "திங்கள், சனி கிழக்கே சூலம். நீ போறது கிழக்கே."

கிள்ளானிலிருந்து பார்த்தால் கோலாலம்பூர் கிழக்கேதான். அந்தக் கிழமையில் அந்தத் திசைக்குப் பயணம் கூடாது.

"தேதியை நான் மாத்த முடியாதும்மா."

"தேதியை யாரு மாத்தச் சொன்னா? பரஸ்தானம் வச்சுடு."

பயணத்தன்று நாள் சரியில்லை என்றால், முன்னதாகவே நல்ல நேரம் பார்த்து, கொண்டுபோக வேண்டிய பையை வழியில் இன்னொரு வீட்டில் வைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். பை கிளம்பிய நேரம்தான் பயணம் கிளம்பிய நேரம். ஆள் அப்புறம் எப்போது போனாலும் தோஷமில்லை. ஒன்று மட்டும் முக்கியம். வைத்த பையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

"நான் டிப்ளோமா படிச்சவம்மா" என்றேன்.

"படிச்சவங்க பையும் பைதான்."

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரத்தில் என் கணக்குக் கருவி, அடையாள ஆவணங்கள், குறிப்புகள் எல்லாவற்றோடும் கொமூட்டர் ரயிலேறி, பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனேன்.

சித்தி கதவைத் திறந்தார். "பரீட்சை நாளைக்குத்தானேடி?"

"பை இன்னிக்குக் கிளம்பிடுச்சு சித்தி. நான் நாளைக்கு."

"சரி, பைக்கு டீ வேணுமா?" என்று கேட்டுவிட்டு அதைச் சாமி அலமாரிக்குக் கீழே வைத்தார். வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை கூட்டமான ரயிலில் எல்லாரும் மடியிலும் தோளிலும் பைகளோடு இருக்க, நான் மட்டும் கையை வீசிக்கொண்டு வந்தேன். படித்ததைப் புரட்டிப் பார்க்கவும் வழியில்லை. முதலில் எரிச்சலாக இருந்தது. செந்தூலுக்குப் போகிறவர்கள், அலுவலகம் போகிறவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்ததில் பிறகு மனம் லேசாகிவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கிப் போனதும், சித்தி பையைக் கையில் கொடுக்குமுன் ஒரு கரண்டித் தயிரை நீட்டினார். கிழக்குச் சூலத்துக்குத் தயிர் பரிகாரம். "அக்கா போன் பண்ணிச்சு, வாயத் தொற."

தேர்வறையில் எதிரே மூவர். வானிலை, எரிபொருள், வழியில் இறங்கக்கூடிய மாற்று நிலையங்கள் என்று கேட்டார்கள். மாற்று நிலையக் கேள்வி ஒன்றில் தடுமாறினேன். நடுவில் இருந்தவர் ஏதோ குறித்துக்கொண்டார். முக்காடு அணிந்த மலாய்ப் பெண்மணி. அவரும் முன்பு டிஸ்பேட்ச்சராக இருந்தவராம். கடைசியில் அவர் பேனாவை மூடிவைத்தார்.

"கோலாலம்பூர் லண்டன். பயணி டிக்கெட்டில் பதினான்கு மணி நேரம். உன் பறப்புத் திட்டத்தில் பதின்மூன்று மணி இருபது நிமிடம். நாற்பது நிமிடம் எங்கே போச்சு? எனக்குச் சொல்லாதே. வீட்டில் இருக்கும் என் அம்மாவுக்குச் சொல்வது மாதிரி சொல்லு."

ஆங்கிலத்தில் நான் மனப்பாடம் செய்திருந்த வரையறை நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் அவருடைய அம்மாவுக்குப் புரியாது. என் அம்மாவுக்கும் புரியாது. கண் தானாக என் காலடியில் இருந்த பையின்மேல் போனது.

"எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு, மேடம்" என்று தொடங்கி, ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்ட பையைப் பற்றிச் சொன்னேன். "நான் எப்போது கிளம்பினேன் என்று கேட்டால் நான் இன்று காலை என்பேன். என் அம்மா நேற்று என்பார். இரண்டும் சரி. விமானத்துக்கும் அப்படித்தான். நிற்கும் லோரியின் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது போல நிற்கும் விமானத்துக்கும் கட்டை வைப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்ததும் டிக்கெட்டின் பயணம் தொடங்குகிறது. அங்கே போய் மறுபடி கட்டை வைக்கும்போது முடிகிறது. நடுவில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகணும், வரிசையில் நிற்கணும், இறங்கின பிறகும் ஊரணும். என் கணக்கு சக்கரம் தரையை விட்டதிலிருந்து சக்கரம் தரையைத் தொடுவது வரை. அந்த நாற்பது நிமிடம் தொலையவில்லை. தரையில் இருக்கிறது."

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "பெக் ஜாலான் டூலு" என்றார். பை முதலில் போகிறது. இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

"சரி. கட்டை எடுத்தாச்சு. ஓடுபாதைக்கு முன்னால் வரிசை நகரவே இல்லை. நிற்கிறது, நிற்கிறது. இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. உன் பதின்மூன்று மணி இருபது மாறுமா?"

"மாறாது. ஆனால் எரிபொருள் குறையும். தரையில் செலவாகும் என்று தனியாகப் போட்டது தீர்ந்து, பறப்பதற்கு வைத்ததில் கைவைக்கத் தொடங்கினால் நான் திரும்பக் கணக்குப் பார்க்கணும்."

"பார்த்தாய். போதவில்லை."

"விமானியோடு பேசி, திரும்பி வரச் சொல்வேன்."

"முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். விமானிக்குப் பொறுமை இல்லை. மேலே காற்று நல்லபடியாக மாறலாம், போய்விடலாம் என்கிறார். கிளம்பின பிறகு திரும்பச் சொல்வாயா?"

வைத்த பையைத் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்ற அம்மாவின் குரல் அந்த நொடியில் எனக்குக் கேட்டது. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் கேட்டது. வளர்ந்த வீட்டுப் பழக்கம் ஒரு பக்கம் இழுத்தது.

"சொல்வேன், மேடம்" என்றேன். "கையெழுத்து என்னுடையது."

அவர் பேனாவைத் திறந்து எதையோ எழுதினார். வெளியே உட்காரச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிடங்கு அலுவலகத்தின் பச்சை நாற்காலி, அதன் கிழிந்த ஓரம் கண்முன் வந்து வந்து போனது. கதவு திறந்தது. அதே பெண்மணி. நின்றபடியே, "மாற்று நிலையங்களை மறுபடி படி. மற்றபடி, வாழ்த்துகள், டிஸ்பேட்ச்சர்" என்றார்.

படிக்கட்டில் ஓடி இறங்கிக்கொண்டே அம்மாவுக்குப் போன் செய்தேன். பின்னால் கடைத்தெரு இரைச்சல், யாரோ மல்லிகை விலை கேட்கும் குரல்.

"பாஸும்மா."

"இரு, கஸ்டமர்" என்றார். நூலை வெட்டும் சத்தம் கேட்டது. பூவைக் கொடுத்தனுப்பிவிட்டுப் போனுக்குத் திரும்பினார். "பை வேலை செஞ்சுச்சுல்ல?"

"நான்தான்மா வேலை செஞ்சேன்."

"சரி, ரெண்டு பேரும்."

மாலையில் மாமா வந்ததும் தேர்வில் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். கடைசிக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைக் கேட்டதும் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"திரும்பி வான்னு சொல்லுவேன்னியா?"

"ஆமா மாமா."

"எங்க யார்டுக்காரன் இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட அப்படிச் சொன்னதில்ல. டயர் போச்சுன்னு சொன்னாக்கூட, 'மெதுவா ஓட்டிட்டு வாங்கண்ணே'ம்பான்." மீதிப் பொத்தான்களைக் கழற்றினார். "இருந்தாலும் ஏறிப் பாக்காம வழி சொல்றது சரியில்ல. அதை நான் மாத்திச் சொல்ல மாட்டேன்."

இந்த விஷயத்தில் சட்டம் மாமாவின் பக்கம். டிஸ்பேட்ச்சர்கள் விமானி அறையிலேயே உட்கார்ந்து ஒரு வழியைப் பறந்து பார்க்கவேண்டும் என்பது விதி. எனக்கு லண்டன் வழியைக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஏறப்போகும் முதல் விமானம். அதுவும் முன்கண்ணாடிக்குப் பின்னால். நாள், வெள்ளிக்கிழமை இரவு.

அம்மா மறுபடி நாள்காட்டி முன் நின்றார். "வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். லண்டன் மேற்கேதானே?"

"சுவர்ப் படத்துல பார்த்தா மேற்கே. உருண்டைல பார்த்தா வடமேற்கு" என்றேன். ஓர் ஆரஞ்சுப் பழத்தையும் அவருடைய நூலையும் எடுத்து, அன்று நூலகத்தில் செய்ததைச் செய்து காட்டினேன். நூல் இறுக இறுக மேலே வழுக்கிப் போவதை அம்மா கண்கொட்டாமல் பார்த்தார். தானே ஒரு முறை இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார்.

"அட, இது என்னா இப்படிப் போவுது" என்றார். "அப்போ சூலம் இல்ல."

"இல்லம்மா."

"எதுக்கும் பையை அனுப்பிடு."

நான் வாதாடவில்லை. வியாழக்கிழமை, அதாவது நேற்று, நல்ல நேரத்தில் கொமூட்டர் ஏறிப் பையைப் பிரிக்ஃபீல்ட்ஸில் வைத்துவிட்டு வந்தேன். இந்த முறை சித்தி கேள்வியே கேட்கவில்லை, சாமி அலமாரிக்குக் கீழே இடம் ஒதுக்கி வைத்திருந்தார். குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், மாற்று நிலையங்களைப் பற்றிய குறிப்புகள், கொஞ்சம் பூ நூல், எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நான் வெறுங்கையோடு வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சற்று முன் மாமா துறைமுகத்திலிருந்து கூப்பிட்டார். லீவு சொல்லிவிட்டாராம், சித்தி வீட்டுக்கும் ஏர்ப்போர்ட்டுக்கும் தானே காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். "மேப்பு பாக்காம போவேன், நீ பாத்துக்க. எத்தன மணிக்குக் கிளம்புற?"

"நேத்தே கிளம்பிட்டேன் மாமா" என்றேன்.